பிரசவச் செலவு – அன்றும் இன்றும்



மலருக்கு ஒரு கட்டுரை வேணும், பழைய கதையும் புதுக்கதையும் கலந்து எழுதிக் கொடு என்று ஊக்குநர் அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். வரலாறு என்றால் ராஜா கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நம்ம வீட்டுச் செலவுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதிலும் ஒரு வீட்டில் குழந்தை வரப்போகுது என்று தெரிந்த அன்றிலிருந்து நடக்கும் வரவு செலவுக்குப் பெரிய வரலாறே இருக்கு. எங்க ஆயா, அத்தை, குழுவில் மூத்த அக்காக்கள் சொன்னதையும், பயிற்சிகளில் கேட்டு நோட்டில் எழுதி வைத்ததையும், நான் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

"நாள் தள்ளிப் போயிருக்கு" என்று சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வார்த்தை என்ன வரும்? "இனிமே கையைக் கட்டிச் செலவு பண்ணணும்". நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு வீட்டில் யார் மேல் விழுது? நான் எழுத வந்தது அதைத்தான்.

ஆயா காலம்

எங்க ஆயாவுக்கு ஏழு பிரசவம். ஏழும் வீட்டில்தான். பூந்தமல்லி ஒன்றியத்தில் எங்க ஊரில் அப்போ நெல்லும் ஏரியும்தான். மருத்துவச்சி வந்து பிரசவம் பார்ப்பாங்க. அவங்களுக்குக் கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு புடவை, வெற்றிலை பாக்கு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் மாமியார் வீட்டுக்குச் செலவே இல்லை மாதிரி இருக்கும். ஆனால் பெண்ணைப் பெற்றவர் அந்த வருஷ நெல்லை அறுவடைக்கு முன்னாலேயே விற்றிருப்பார்.

அந்தக் காலத்துச் சிக்கனத்தில் நல்லதும் இருந்தது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டாங்க. நிறையத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திப் புடவைதான் தூளி, அதைக் கிழித்ததுதான் கோவணத் துணி, அதுவேதான் விரிப்பு. ஒரு வீட்டுக் குழந்தை வளர்ந்ததும் அதன் சட்டையெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போகும். குழந்தைக்குத் தாய்ப்பால், அதற்குக் காசு கிடையாது.

கெட்டதும் இருந்தது. "நிறையத் தின்னா குழந்தை பெரிசாயிடும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்று கர்ப்பிணியின் சாப்பாட்டைக் குறைச்சாங்க. பிரசவமானதும் பத்தியம் என்று நாற்பது நாள் வெறும் சோறும் மிளகு ரசமும். ஆயா சொல்வாங்க, "எல்லாரும் தின்ன பிறகு சட்டியில மிச்சம் இருக்கிறதுதான் எனக்கு. இல்லாத நாள் நீராகாரம்". ஏழில் நாலுதான் தங்கியது. ஏன் மூணு போச்சு என்று ஆயாவுக்குத் தெரியாது. மருத்துவமும் இல்லை, சத்தும் இல்லை என்று இப்போ நாம் சொல்கிறோம். அப்போ அதை விதி என்று விட்டுட்டாங்க.

இது நம்ம நாட்டில் மட்டும் நடந்தது இல்லை. ஒரு பயிற்சியில் இங்கிலாந்துக் கதை ஒன்று சொன்னாங்க. அந்த நாட்டில் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர்கள் நம்மைப் போன்ற தொழிலாளி வீட்டுப் பெண்கள். தங்கள் பிரசவக் கதைகளைக் கடிதமாக எழுதித் தரச் சொல்லி, அந்தச் சங்கம் 1915-ல் அதைப் புத்தகமாகப் போட்டது. பிரசவச் செலவுக்குச் சேர்க்க வேண்டி, தான் அரை வயிறு சாப்பிட்டு, புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் குறையாமல் போட்ட கதை அதில் திரும்பத் திரும்ப வருதாம். கேட்டதும் எங்க ஆயா ஞாபகம்தான் எனக்கு வந்தது.

அந்தச் சங்கம் அதோடு நிற்கவில்லை. 1911-ல் அங்கே வந்த காப்பீட்டுச் சட்டத்தில் பிரசவத்துக்கு 30 ஷில்லிங் தரணும் என்று போராடி வாங்கினாங்க. 1913-ல் மறுபடியும் போராடி, அந்தப் பணம் புருஷன் கைக்கு இல்லை, தாய்க்கே சொந்தம் என்று சட்டத்தை மாற்ற வெச்சாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே பெண்கள் சங்கமாகச் சேர்ந்து சாதிச்ச காரியம் இது.

தொழிற்சாலை வந்தது, தண்டலும் வந்தது

அத்தை காலத்தில் நம்ம பக்கம் மாறிப் போச்சு. 1961-ல் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏர் பிடிச்ச வீட்டுப் பிள்ளைகள் பஸ் பிடித்து ஷிப்டுக்குப் போனாங்க. நெல்லுக்குப் பதில் மாசச் சம்பளம் வந்தது. அதோடு கடை நோட்டில் கடன், வட்டிக்கடை, தண்டல் எல்லாம் வந்தது.

நிரந்தர வேலை இருந்த வீட்டுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. இ.எஸ்.ஐ. சட்டம் 1948-லேயே வந்தது. மகப்பேறு சட்டம் 1961-ல் வந்தது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று ஆக்கினாங்க. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகும் நம்ம உறுப்பினர்கள் இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும். உங்க சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், அந்த 26 வாரச் சம்பளம் உங்க உரிமை. வயிறு தெரிய ஆரம்பிச்சதும் பயந்து வேலையை விட்டுட்டு வந்து, அந்தப் பணத்தை இழந்தவங்க நம்ம தெருவிலேயே இருக்காங்க.

ஆனால் கூலி வேலை, கட்டட வேலை, ஆட்டோ ஓட்டுறவங்க வீட்டில் என்ன பண்ணுவாங்க? பிரசவ வலி வந்தால் ராத்திரியில் கதவைத் தட்டிக் கடன் கேட்கணும். தண்டல் கணக்கு உங்களுக்குத் தெரியும். பத்தாயிரம் கடன் என்று எழுதுவாங்க, 1,500 ரூபாயை முதலிலேயே பிடிச்சுக்கிட்டு 8,500 கையில் கொடுப்பாங்க. தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்டணும். ஒரு நாள் தவறினால் வாசலில் நின்று பேசுவாங்க. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனாலும் அவசரத்தில் கை நீட்டுறவங்களுக்குச் சட்டம் ஞாபகம் வராது.

குழு வந்த கதை

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் ஆரம்பிச்சது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், ஐ.நா.வைச் சேர்ந்த சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு முதல் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாச்சு. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் திட்டம் கொண்டு வந்தது. 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரிச்சு நம்ம திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததும் அதே 1997-ல்தான்.

மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோருக்கும் தெரியும். விவசாயக் கூலி, படிப்பு கிடையாது. களஞ்சியம் என்று பெண்களைச் சேர்த்து, சிறுகச் சிறுகச் சேமிக்க வெச்சு, கந்துவட்டியிலிருந்து மீட்டாங்க. 2001 ஜனவரியில் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் கிடைச்சது.

நம்ம பாட்டிகளுக்கும் சேமிப்பு தெரியாதது இல்லை. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுறது பிடி அரிசிப் பழக்கம். மிசோரம் மாநிலத்தில் பெண்கள் இதே மாதிரி வேளைக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வெச்சு, சர்ச்சுக்குக் கொடுத்து, நூறு வருஷத்துக்கும் மேலாக ஊர்க் காரியங்களை நடத்துறாங்க. ஆனால் ஒண்ணு கவனிக்கணும். பிடி அரிசியை எல்லோருக்கும் ஆக்கும் உலையிலிருந்துதான் எடுப்பாங்க, ஒருத்தி தட்டிலிருந்து இல்லை. எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்தால் அது சேமிப்பு. ஒருத்திக்கு மட்டும் குறைந்தால் அது பட்டினி.

நான் பட்டது

இதை எழுதக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் நம்ம மலர், நாமதானே படிக்கப் போறோம்.

2013-ல் எனக்குத் தலைப்பிரசவம். அப்போ நான் குழுவில் இல்லை. கையைக் கட்டிச் செலவு பண்ணணும் என்று சொன்னதும் நான் முதலில் நிறுத்தினது என் பாலை. அடுத்து முட்டை. யாரும் நிறுத்தச் சொல்லலை, நானாகத்தான் நிறுத்தினேன். நாள் ஒன்றுக்கு இருபது ரூபாய் மிச்சம் என்று பெருமை வேறு. வீட்டுக்காரரின் டீக்கடைக் கணக்கைத் தொடலை. அடகில் இருந்த செயினுக்குப் போகும் வட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. சுகாதார நர்சம்மாவிடம் பதிவு பண்ணவும் போகலை. "தலைப்பிரசவம், தனியார்லதான் நல்லா பார்ப்பாங்க" என்று எல்லோரும் சொன்னதை நம்பினேன்.

எட்டாம் மாசம் ரத்தம் பரிசோதித்தால் எட்டு பாயிண்ட். கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்கணும் என்று அன்றைக்குத்தான் தெரியும். பொண்ணு பிறந்தப்போ 2 கிலோ 100 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு. குழந்தையைச் சில நாள் தனியாக வெச்சுப் பார்த்தாங்க. பில் 38,000 ரூபாய். தண்டல் வாங்கினோம், வளையலையும் வெச்சோம். செயின் மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போச்சு. மாசம் அறுநூறு ரூபாய் பாலையும் முட்டையையும் நிறுத்தி நான் சேர்த்தது மொத்தம் நாலாயிரம். அது அந்த பில்லுக்கு எந்த மூலைக்கு?

இப்போ பொண்ணு நல்லா இருக்கா, நல்லா படிக்கிறா. ஆனாலும் அந்த எடைச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம், அந்த டம்ளர் பாலைக் குடிச்சிருக்கலாமே என்று மனசு அடிச்சுக்கும்.

நோட்டுப் புத்தகம்

2019-ல் இரண்டாவது. அப்போ நான் குழுவில் இருந்தேன். கூட்டத்தில் சொன்னதும் மூத்த அக்கா ஒருத்தங்க சொன்னது: "முதல்ல ஒரு மாசம் கணக்கு எழுது. எழுதாம எதையும் நிறுத்தாத". இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட் வரை எழுதினேன். எங்க வீட்டுக்காரரும் ராத்திரி வந்து தன் செலவைச் சொல்வார். முதல் வாரம் பாதியை மறைச்சார், அடுத்த வாரம் முழுசா சொன்னார்!

மாசக் கடைசியில் பார்த்தால் நாங்க இரண்டு பேரும் அசந்து போனோம். டீ, வடை, வெளிச் சாப்பாடு 1,900 ரூபாய். சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் 750. வட்டி மட்டும் 1,340. என் முட்டையும் பாலும் சேர்த்தாலே அந்த வட்டியில் பாதிதான் வருது.

செய்ததை எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் வட்டி. குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கி நகையை மீட்டோம். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி, மாசம் ஆயிரம் அசல். பத்து மாசத்தில் மொத்த வட்டி 550 ரூபாய்தான். வாங்கின வட்டியும் நம்ம குழுவுக்குத்தான் சேருது. தண்டலில் இதே பத்தாயிரத்துக்கு மூணு மாசத்திலேயே 1,500 போயிருக்கும்.

அடுத்தது வெளித்தீனி. பிளாஸ்கில் டீ கொடுத்து அனுப்பினேன். பாக்கெட் தீனிக்குப் பதில் வேர்க்கடலை, சுண்டல். இதில் மட்டும் மாசம் 1,400 மிச்சம்.

மூன்றாவது வீண். 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசமாக வருவதால் எங்களுக்கு அளவே இல்லாமல் போச்சு. தினம் ஒரு டம்ளர் அரிசிச் சோறு மிச்சமாகி மாட்டுக்குப் போகும். ஒரு மாசத்துக்குக் கணக்குப் பார்த்தால் நாலு கிலோவுக்கு மேல்! அளந்து போட ஆரம்பித்தேன். அரிசி பருப்பை ஊற வெச்சு குக்கரில் வெச்சதில், 35 நாள் வந்த சிலிண்டர் 45 நாள் வந்தது. ரீசார்ஜ், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு நானூறு குறைஞ்சது.

ஆக மாசம் 1,800 மிச்சம். அதில் 600 ரூபாயை எனக்கே செலவு பண்ணினேன். தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், முருங்கைக்கீரை, கடலை மிட்டாய். மீதி 1,200-ஐ ஆறு மாசம் தனியாகச் சேர்த்தேன். பிரசவத்துக்குப் போகும்போது கையில் 7,200 ரூபாய் இருந்தது. பையன் பிறந்தப்போ 2 கிலோ 900 கிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம். வீட்டுக்குத் திரும்பினப்போ ஐயாயிரத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

நமக்கு உள்ளதை நாம் வாங்கணும்

முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவங்க. பெண்கள் படிப்பதே அபூர்வமான காலத்தில், 1912-ல் டாக்டர் பட்டம் வாங்கினாங்க. 1927-ல் சென்னை சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண். 1930-ல் அவ்வை இல்லம், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் அவங்க முயற்சி. அவங்க பேரில்தான் நம்ம மகப்பேறு உதவித் திட்டம். ஆரம்பத்தில் சில நூறு ரூபாயாக இருந்தது, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 என்று உயர்ந்தது. அந்தப் பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். அது தாய்க்கு. வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட இல்லை.

பணம் தாயின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். 1913-ல் இங்கிலாந்துப் பெண்கள் போராடி வாங்கினது, நமக்குத் திட்டத்திலேயே இருக்கு. ஆனால் மூணு மாசத்துக்குள் நர்சம்மாவிடம் பதிவு பண்ணி, பிக்மி எண் வாங்கணும். 2013-ல் நான் அதைச் செய்யலை, எனக்கு ஒரு ரூபாய் வரலை. இன்னொன்று, பணம் தவணை தவணையாகத்தான் வரும். பிரசவத்தன்று கையில் இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீங்க. அன்றைக்குக் கைகொடுப்பது நம்ம சேமிப்புதான்.

2008-லிருந்து 108 வண்டி. 2011-லிருந்து அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, தாய்க்குச் சாப்பாடு எல்லாம் இலவசம். 2015-ல் வந்த குழந்தைப் பெட்டகத்தில் சட்டை, துண்டு, கொசுவலை, எண்ணெய், சோப்பு, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் வரை 16 பொருள். அதனால் கடையில் பெரிய லிஸ்ட் போட்டு வாங்க அவசரப்படாதீங்க. ஆயா காலத்துப் பழைய புடவைத் தூளி இன்றைக்கும் நல்லதுதான், நல்லாத் துவைச்சு வெயிலில் காய வெச்சால் போதும். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் போதும். டப்பா பாலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லேயே சட்டம் இருக்கு. டாக்டர் சொன்னால் ஒழிய அந்தச் செலவு வேண்டாம்.

வளைகாப்புக்கு ஃபிளெக்ஸ், மண்டபம், ஐந்து வகைச் சாதம் என்று இப்போ போட்டியாகப் போகுது. அதற்கு மைக்ரோ ஃபைனான்ஸில் கடன் வேறு. அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடக்குது. பத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து வளையல் போட்டுக்கிறது எவ்வளவு அழகு! நானும் இரண்டாவதுக்கு அங்கேதான் உட்கார்ந்தேன்.

ஒரு வேண்டுகோள்

இன்றைக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். ஆயா காலத்து ஆபத்து போச்சு. ஆனால் தாய் தன் தட்டிலிருந்து எடுத்துச் சேமிக்கும் பழக்கம் இன்னும் போகலை. ஆயாவுக்கு மாமியார் குறைச்சாங்க. எனக்கு நானே குறைச்சேன். நம்ம பொண்ணுங்களுக்கு யாரும் குறைக்கக் கூடாது.

எங்க குழுவில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி நடத்துவதை எல்லாக் குழுவும் நடத்தலாம் என்று கேட்டுக்கிறேன். உறுப்பினர் வீட்டில் யாராவது கர்ப்பம் என்று தெரிந்தால், அந்த மாசமே நர்சம்மாவிடம் பதிவு ஆச்சா என்று கூட்டத்தில் கேட்கிறோம். வீட்டுக்கணக்கு எழுத ஒரு நோட்டு குழுச் செலவில் கொடுக்கிறோம். வெளிவட்டிக் கடன் இருந்தால் உள்கடனில் அவங்களுக்கு முதல் இடம். ஒவ்வொரு கூட்டத்திலும், "இன்னைக்கு முட்டை சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சந்தா வசூல்.

முதலில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் சிரிச்சாங்க. போன மாசம் ஒரு சின்னப் பொண்ணு அழுதுட்டா. வீட்டில் யாரும் தன்னை இப்படிக் கேட்டதே இல்லையாம். அடுத்த கூட்டத்துக்கு அவ மாமியாரே கூட வந்தாங்க. நாங்க கேட்கும் முன்னாடியே சொன்னாங்க, "சாப்பிட்டா, நான்தான் வேக வெச்சுக் கொடுத்தேன்".